படுத்திருந்தவரிடம் ஒரு வேண்டுதல்

விஷ்ணுப்ரியா பிள்ளை பெற்று வீடு திரும்பிய அன்று, அடுக்குமாடியின் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. தாம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து மேடவாக்கம் வரை குழியும் மேடுமாகக் குலுங்கி வந்த களைப்பு, தையல் போட்ட வயிற்றின் வலி, மண்டையைப் பிளக்கும் வெயில். லாரியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லும்படி புருஷனைப் பார்த்தாள். சூர்யநாராயணன் போனில் ஆபீஸ் விவகாரம் பேசிக்கொண்டு நிழல் பார்த்து ஒதுங்கிவிட்டான். அவளே குழந்தையை மார்போடு அணைத்து, லாரிக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து, சேற்றில் கால் வைத்து உள்ளே போனாள். லிஃப்டும் ஓடவில்லை.

மூன்றாவது மாடியில் ஆரத்தித் தட்டோடு நாத்தனார் சாவித்ரி நின்றிருந்தாள். சூர்யநாராயணனின் அக்கா. சிட்லப்பாக்கத்தில் சொந்த வீடு உண்டு, ஆனாலும் தம்பி வீட்டுச் சாவி ஒன்று அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். ஆரத்தி சுற்றினாள், திருஷ்டி கழித்தாள், குழந்தையின் கன்னத்தை வழித்து, உன்னை வரவழைக்க இந்த அத்தை என்ன பாடுபட்டேன் தெரியுமா என்று கொஞ்சினாள். ஊசி குத்திக் குத்தித் தொடை மரத்துப்போனவள் அங்கேயேதான் நிற்கிறாள். பாடுபட்டது யாராம்? விஷ்ணுப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே காலை வைத்தாள்.

வாசலைத் தாண்டியதும் அந்த வாடை வந்தது.

உருகிய மெழுகு. ஈரக் கல். வெகுநாள் பூட்டிக் கிடந்த இடத்தைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுமே, அந்தக் குளிர்ந்த காற்று. வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினார்களா என்று கேட்டாள். சாம்பிராணி போட்டதைத் தவிர வேறொன்றும் இல்லை என்றாள் சாவித்ரி. சூர்யநாராயணன் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, பெயின்ட் வாசனையாக இருக்கும் என்றான். வீட்டுக்குப் பெயின்ட் அடித்து ஐந்தாறு வருஷமாகிறது.

விஷ்ணுப்ரியா மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த வாடை எந்த ஊருடையது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

முந்தின வருஷம் சூர்யநாராயணனைக் கம்பெனி பிரான்சுக்குச் சில மாதம் அனுப்பியிருந்தது. விஷ்ணுப்ரியா கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவள். ஐரோப்பாவின் கோதிக் கதீட்ரல்களை, வானளாவிய அந்தப் பழைய கல் தேவாலயங்களைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம் உண்டு. தபால்தலை அளவுக்கு ஒரு மங்கல் படமும் உண்டு. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குக் கை விரித்து உயரம் காட்டியிருப்பாள். சாவதற்குள் ஒரு கதீட்ரலையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வேறு பெரிய ஆசை எதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. கோடை லீவில் கிளம்பினாள். தனியாகவா போவது என்று சாவித்ரியும் கூடவே கிளம்பிவிட்டாள்.

பிரான்சில் கதீட்ரல் இருந்த ஊருக்கு மூவரும் ரயிலில் போகும்போதே ஆரம்பித்தாயிற்று. சிட்லப்பாக்கத்துக்கு வீடியோ கால் போட்டு, ப்ரியாவின் கர்ப்பப்பை எப்படி, எந்த டாக்டர் என்ன சொன்னார், இந்தத் தடவையும் ஏன் தங்கவில்லை என்று சாவித்ரி சொந்தக்காரர்களோடு விலாவாரியாகப் பேசினாள். பாஷை புரியாத வெள்ளைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பாஷை புரிந்த புருஷன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆகவே அந்தக் கதீட்ரலுக்குள் விஷ்ணுப்ரியா நுழைந்தபோது அவள் கண் முழுக்கத் தண்ணீர். தூண்கள் உச்சியில் கிளை பிரிந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதையும், வண்ணக் கண்ணாடி வழியாகச் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் தரையில் கொட்டுவதையும் அவள் கலங்கலாகத்தான் பார்த்தாள். யாரோ இருமினார்கள். அந்த இருமல் கூரைக்கு ஏறி, அங்கே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, மறந்துபோன பிறகு கீழே இறங்கி வந்தது. வாழ்நாள் ஆசை கண்ணெதிரே நிற்கிறது, அதை அனுபவிக்க விடாமல் நெஞ்சு கொதிக்கிறது. அந்த ஆத்திரம் இருக்கிறதே, அதை இன்றுவரை அவளால் மன்னிக்க முடியவில்லை. ஒரு பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

தூரத்தில், பக்கத்து மாடம் ஒன்றில், இரும்புக் கம்பிக்குப் பின்னால் ஒரு கல் மனிதர் மல்லாந்து படுத்திருந்தார். சாவித்ரி அவரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். பிறகு வந்து, மெழுகுவர்த்தித் தட்டில் வழித்த கரியைக் கட்டைவிரலால் விஷ்ணுப்ரியாவின் நெற்றியில் இட்டாள். கேட்காமல் கொள்ளாமல் வயிற்றிலும் தடவினாள். பிரசாதம் என்றாள். விஷ்ணுப்ரியா கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள். என்ன ஏது என்று கேட்கக்கூட அவளுக்கு அன்று மனசில்லை.

ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் கரு தங்கியது.

இப்போது மேடவாக்கத்தில், கூரைக் கொக்கியில் கட்டிய புடவைத் தூளியில் அவள் மகள் தூங்கினாள். மத்தியான வெயிலில் சுவர் கொதித்தது. தூளியைச் சுற்றி மட்டும் உள்ளங்காலில் குளிர் ஏறியது.

முதலில் சொன்னவள் வேலைக்கு வரும் பூவம்மாள்தான். கடற்கரைக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருபவள், சட்டென்று பயப்படுகிற ஆளில்லை. தரையைத் துடைத்துவிட்டு, துடைத்த துணியை அப்படியே போட்டுவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, தூளிக்குக் கீய வந்து பாரு. மீதி எல்லாம் காஞ்சிட்ச்சி, அந்த எடம் மட்டும் காய மாட்டேங்குது. ஒரு ஆளு மல்லாக்கப் படுத்துகினு கீற மாதிரி கீது."

விஷ்ணுப்ரியா போய்ப் பார்த்தாள். தரையில் ஈரம் நின்றிருந்தது. தலை. அகன்ற தோள். ஒட்டி வைத்த இரண்டு பாதம். கையை வைத்தாள். ஐஸ் பெட்டிக்குள் கை விட்டது போலிருந்தது. மறுநாளிலிருந்து பூவம்மாள் வேலைக்கு வரவில்லை. போனில் கேட்டதற்கு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். போவதற்கு விஷ்ணுப்ரியாவுக்கு அம்மா இல்லை.

பிறகு அழுகை.

பசிக்குக் குழந்தை வீறிட்டது. மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். குழந்தை வாயை மூடிச் சப்பத் தொடங்கிய பிறகும் அழுகை கேட்டது. தலைக்கு மேலே, எங்கேயோ ஏகப்பட்ட உயரத்தில், அதே குரல் சுற்றிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்தது. அண்ணாந்து பார்த்தாள். கை நீட்டினால் எட்டிவிடுமோ என்கிற உயரத்தில் வெள்ளையடித்த கூரை, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான்.

நாளாக ஆகக் குழந்தை கனத்தது. எல்லாக் குழந்தையும் கனக்கும், ஆனால் இது அந்தக் கனம் இல்லை. தூக்கினால் மணிக்கட்டு விண்டுபோனது. தொட்டால் கன்னம் சில்லிட்டது. சேலையூரில் குழந்தை டாக்டரிடம் காட்டினாள். தராசில் எடை சரியாகத்தான் இருந்தது. பிள்ளை பெற்ற புதிதில் அம்மாக்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும், நன்றாகத் தூங்குங்கள் என்று டாக்டர் சிரித்தார். அதற்குச் சூர்யநாராயணன் தலையாட்டினான் பாருங்கள், அந்தத் தலையை அங்கேயே இரண்டு போடலாம் போலிருந்தது அவளுக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தூளியை விலக்கிப் பார்த்தாள்.

குழந்தை விழித்திருந்தது.

கால் உதைக்கவில்லை. கை ஆட்டவில்லை. இரண்டு பாதமும் ஒட்டி நேராக நீட்டியிருந்தன. பிஞ்சுக் கைகள் இரண்டும் மார்பின் மேல் குவிந்திருந்தன, விரலோடு விரல் சேர்த்து.

கண் இமைக்கவில்லை.

அவள் அந்தக் கைகளைப் பிரித்தாள். விட்டதும் அவை மெதுவாகப் போய் மறுபடி ஒட்டிக்கொண்டன.

சரியாக அந்த நேரம் பார்த்துச் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு சாவித்ரி உள்ளே வந்தாள். தூளிக்குள் எட்டிப் பார்த்தவள் முகம் மலர்ந்தது. கும்பிடுகிறது பார் என்று பூரித்தாள். பெருமாளுக்குக் கொடுத்த குழந்தை வேறு எப்படி இருக்கும் என்றாள்.

எந்தப் பெருமாள் என்று விஷ்ணுப்ரியா கேட்டாள். சாவித்ரி சோபாவில் சாவகாசமாக உட்கார்ந்து கதையை அவிழ்த்தாள். அந்த பிரான்ஸ் கோயிலில் ஒருத்தர் படுத்திருந்தாரே, தலையில் கிரீடம், காலடியில் ஏதோ தேய்ந்துபோன உருவம். பார்த்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டதாம். ரங்கநாதர் சயனக் கோலம், காலடியில் இருப்பது ஆதிசேஷன்தான், வெள்ளைக்காரன் கைக்கு வந்தபடி செதுக்கியிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டாள். மூன்று சுற்றுச் சுற்றி, காலைத் தொட்டு, பிறக்கிற முதல் பிள்ளையை உனக்கே தத்துக் கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

அவர்கள் குடும்பத்தில் அது வழக்கம். தங்கிப் பிழைக்க வேண்டிய பிள்ளையைச் சாமிக்குத் தத்துக் கொடுப்பார்கள். அது சாமியின் பிள்ளை ஆகிவிடும். பிறகு தாய்மாமன் சன்னதியில் தவிட்டைக் கொட்டி, அந்தத் தவிட்டையே விலையாக வைத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்வான். சூர்யநாராயணனையே அப்படித் தவிட்டுக்கு வாங்கியதுதான்.

விஷ்ணுப்ரியா தூளியைப் பார்த்தாள். கொடுத்தாயிற்று, சரி. யாரும் திரும்ப வாங்கவே இல்லை.

"அக்கா, அது சாமி இல்லை. சமாதி. செத்துப்போன ஒரு பிஷப்பை உள்ளே வெச்சு, மேல அவர் மாதிரியே கல்லுல செதுக்கிப் படுக்க வெச்சிருக்காங்க."

சாவித்ரி முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

"யாரா இருந்தா என்ன? கேட்டதைக் கொடுத்தாரா இல்லையா?"

"யாரைக் கேட்டு என் குழந்தையைக் கொடுத்தீங்க?"

"உன்னை எதுக்குக் கேக்கணும்? எங்க வம்சம்."

சூர்யநாராயணனுக்குப் போன் போட்டு, பிரான்சுக்கே போய்க் குழந்தையைத் திரும்ப வாங்கி வர வேண்டும் என்றாள். அவன் சிரித்தான். மூடநம்பிக்கை என்றான். அடுத்த மூச்சில், அக்கா நல்லெண்ணத்தில்தானே செய்தாள் என்றான். குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கவே எத்தனை நாளாகும் தெரியுமா, மீட்டிங் இருக்கிறது, வைக்கிறேன் என்று வைத்துவிட்டான். விஷ்ணுப்ரியா போனைச் சுவரில் அடித்திருப்பாள். அதில் இன்னும் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அவள் அண்ணன் ராகவேந்திரா திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவன். அவ்வளவு தூரம் போய் வாங்க முடியாது என்றால், அந்த ஆள்தான் இங்கேயே வந்து படுத்திருக்கிறானே, இங்கேயே வாங்கிக்கொள்வோம் என்று அவனிடம் சொன்னாள். அவன் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. தவிடு எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்டான். வழியில் மாட்டுத் தீவனக் கடையில் ஒரு மூட்டையை வாங்கி பைக்கில் கட்டிக்கொண்டு, வெயில் சாயும் முன்பே வந்து சேர்ந்தான். சட்டையில் இன்னும் இரும்புத் தூள் மினுமினுத்தது.

கோயிலில் செய்கிறதை ஹாலில் செய்வதா என்று சாவித்ரி சோபாவிலிருந்தபடியே முணுமுணுத்தாள்.

விஷ்ணுப்ரியா குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து, ஈரம் நின்ற அந்த இடத்தில், அகன்ற தோள்களுக்கு நடுவில் கிடத்தினாள். ராகவேந்திரா முறத்தில் தவிட்டை அள்ளி அள்ளிக் குழந்தைக்குப் பக்கத்தில் குவித்தான். விலை கொடுத்தாயிற்று, எங்கள் பிள்ளையை எடுத்துக்கொள்கிறோம் என்று சத்தமாகச் சொன்னான். குனிந்து குழந்தையைத் தூக்கினான்.

தூக்க முடியவில்லை.

இரும்புத் தகடு தூக்கிப் பழகிய கை. கழுத்து நரம்பு புடைத்தது. குழந்தை தரையை விட்டு ஒரு நூல் எழும்பவில்லை.

மெழுகு வாடை அடர்ந்தது.

தவிட்டுக் குவியல் அசைந்தது. காற்று இல்லை, விசிறியை நிறுத்தியிருந்தார்கள். வேண்டாத இலையை ஒதுக்குகிற மாதிரி, குவியல் மொத்தமும் தரையோடு தரையாக வழுக்கி, சுவரோரம் போய் நின்றது.

"ப்ரியா, அவன் வாங்க மாட்டேங்கிறான்," என்றான் அண்ணன். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

குழந்தையின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. மூக்கும் நெற்றியும் சாம்பல் நிறம் பூசியது போலாயின. கல்லின் நிறம் அது.

விஷ்ணுப்ரியாவுக்குப் பயம் போய்விட்டது. பயம் இருக்க வேண்டிய இடமெல்லாம் கோபம் நிரம்பி வழிந்தது. ரயிலில் விழுங்கியது, பிரம்பு நாற்காலியில் விழுங்கியது, டாக்டர் முன்னால் விழுங்கியது, கல்யாணமான நாள் முதல் வாய்க்குள்ளேயே மென்று தின்றது எல்லாம் சேர்ந்து மேலே வந்தது. அந்தக் குளிர்ந்த தரையில் மண்டியிட்டு, முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துப் பேசினாள்.

"இவளை நான் உனக்குக் கொடுக்கல. என் வயித்துல இருந்ததை இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தா. அடுத்தவ பொருளைக் கொடுத்தா அது செல்லாது. கொடுத்தவ அதோ உக்காந்திருக்கா. வாக்குக் கொடுத்தவளை எடுத்துக்கோ. என் பொண்ணை விடு."

எல்லாச் சத்தமும் நின்றது.

கீழே சாலையில் ஹாரன் இல்லை. பக்கத்து வீட்டு டீவி இல்லை. தன் மூச்சுகூட அவளுக்குக் கேட்கவில்லை.

பிறகு குழந்தை காலை உதைத்தது.

விஷ்ணுப்ரியா வாரி எடுத்தாள். பஞ்சு போல வந்தது. கன்னம் சுடச்சுட இருந்தது. வாயைப் பிளந்து வீறிட்டது, அந்த வீறல் எந்த உயரத்துக்கும் போகாமல் அந்தச் சின்ன ஹாலுக்குள்ளேயே முட்டி மோதிக் காதைத் துளைத்தது. அதைவிட இனிமையான சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. அழுதாள், சிரித்தாள், அண்ணனின் இரும்புத்தூள் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தரையில் ஈரம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அண்ணன்தான் முதலில் சோபாவைப் பார்த்தான்.

சாவித்ரி சோபாவில் நீளவாட்டில் மல்லாந்து படுத்திருந்தாள். இரண்டு பாதமும் ஒட்டியிருந்தன. கைகள் மார்பின் மேல் குவிந்திருந்தன, விரலோடு விரல் சேர்த்து. கண்கள் திறந்து கூரையைப் பார்த்தன. மூச்சு இருந்தது. அழைத்தால் பதில் இல்லை. ஆம்புலன்ஸ் ஆட்களால் தூக்க முடியாமல், அடுக்குமாடியின் ஆண்கள் அத்தனை பேரும் சேர்ந்து படி இறக்கினார்கள்.

அவள் சாகவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. பெரிய பெரிய டாக்டர்கள் வந்து பார்த்து ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் அப்படியே கிடக்கிறாள். நர்சுகள் கையைப் பிரித்து வைத்துவிட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் கைகள் குவிந்திருக்கின்றன.

மழைக்காலம் வந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பில் தண்ணீர் ஏறி, மேடவாக்கம் சாலையெல்லாம் குளமானது. வீட்டில் மெழுகு வாடை இல்லை, குளிரும் இல்லை. குழந்தை கொழுகொழுவென்று கவிழ்ந்து, தவழ்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்தது. விஷ்ணுப்ரியா நிம்மதியாக இருந்தாள் என்று சொன்னால் அது பொய். சாவித்ரி பாவம் என்று ஒரு நாளும், செய்ததற்குப் பட்டாள் என்று மறுநாளும் நினைத்தாள். இரண்டும் உண்மையாகத்தான் பட்டது.

ஒரு சாயங்காலம் சூர்யநாராயணன் ஆஸ்பத்திரியிலிருந்து நனைந்து வந்தான். பையைத் தூக்கி எறிந்தான். அக்கா யாருக்காக வேண்டிக்கொண்டாள், உனக்காகத்தானே, ஒரு தடவையாவது வந்து எட்டிப் பார்த்தாயா, உன் நெஞ்சு கல் என்றான். அத்தோடு விடவில்லை. உன் உடம்பில் குறை இல்லாமல் இருந்திருந்தால் அவள் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருந்திருக்காது என்றான்.

விஷ்ணுப்ரியா அடுப்படியிலிருந்து திரும்பினாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. அவனுக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் அவளிடம் தயாராக இருந்தது. எத்தனையோ வருஷமாகத் தீட்டித் தீட்டிக் கூராக்கி வைத்திருந்த வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம்தான். வாயைத் திறந்தாள்.

குக்கர் விசில் பாதியில் நின்றது.

ஆவி மட்டும் சீறிக்கொண்டு மேலே போனது. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டியது, ஓசையில்லாமல். இடுப்பில் குழந்தை கிலுகிலுப்பையை ஆட்டியது. அதுவும் ஊமையாகிவிட்டது. சாவித்ரியை எடுத்துக்கொள்ளச் சொன்ன அன்றும் இப்படித்தான் எல்லாம் அடங்கியது. எதிரில் சூர்யநாராயணனின் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

இந்த வீட்டில் இதுவரை அவள் பேச்சுக்கு யாரும் இவ்வளவு கவனமாகக் காது கொடுத்ததில்லை.

விஷ்ணுப்ரியா அந்த வாக்கியத்தை விழுங்கினாள். உதட்டை இறுக மூடிக்கொண்டாள். ஒன்றுமில்லை என்று கையால் சைகை காட்டினாள்.

சத்தம் திரும்பவில்லை.